விருந்தினர் கணக்குத் திறப்பு விழா

பத்து நிமிட வேலை என்று சொல்லித்தான் தமிழ்மணியைக் கூப்பிட்டார்கள். அவனும் அதை நம்பித்தான் கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி மட்டும் இறக்கி, 'இதோ வருகிறேன்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தான். அது திங்கட்கிழமை காலை. அந்த அட்டை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அங்கேயே தொங்கியது.

குருவரஹள்ளியில் பொதுக் கணினிச் சேவை வாரியம் புதிதாக ஒரு மையம் கட்டியிருந்தது. ரோஸ் நிறச் சுவர், நான்கு கணினிகள், நான்கு நாற்காலிகள், அந்த நாற்காலிகளில் உட்காரக் கூடாது என்று ஓர் அறிவிப்பு. ஊர் ஜனங்கள் யார் வேண்டுமானாலும் வந்து சிட்டா எடுக்கலாம், பரீட்சை ரிசல்ட் பார்க்கலாம், வேலைக்கு எழுதிப் போடலாம் என்பது திட்டம். பல பேர் கை படும் கணினி என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு விருந்தினர் கணக்கு போட்டுத் தர வேண்டும். வருகிறவர் அதற்குள் நுழைந்து தன் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். கணினியின் அடிமடியில் கை வைக்க முடியாது. எழுந்து போனதும் அவர் விட்டுப்போனதெல்லாம் தானாக அழிந்துவிடும். உண்மையிலேயே பத்து நிமிட வேலைதான்.

தமிழ்மணிக்கு இந்த வேலையில் சொந்த அக்கறையும் இருந்தது. அந்த அக்கறையின் பெயர் சசிகலா.

கல்யாணமாகிப் பத்து மாதம். சசிகலா இதே வாரியத்தில், தூத்துக்குடிப் பக்கத்து மையம் ஒன்றில் கணினி உதவியாளர். பத்து மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்தது இருபத்து மூன்று நாள். "அதுல நாலு நாள் எனக்குக் காய்ச்சல் மாமா, அதச் சேக்காத" என்பாள் அவள். கணவன் மனைவி ஒரே இடத்தில் இருக்க இடமாற்றம் கேட்கும் வாய்ப்பை வாரியம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். இந்தத் தடவை கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. துணைவர் உண்மையிலேயே அந்த மாவட்டத்தில்தான் வசிக்கிறார் என்பதற்குச் சாட்சியாக, அந்த மாவட்டத்து வாரியக் கணினியில் உட்கார்ந்து துணைவரே விண்ணப்பத்தைப் பதிய வேண்டும். தருமபுரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் வாரியத்துக்கு இருந்தது இந்தக் குருவரஹள்ளி மையம் ஒன்றுதான்.

ஆகவே தமிழ்மணி திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்கி, பதினொன்று பத்துக்கு முடித்துவிட்டு, மையத்தைப் பார்த்துக்கொள்ளும் ரோசம்மாளிடம் ஆசையாகக் கேட்டான்.

"அக்கா, நம்ம சசி ஃபாரத்த இப்பவே போட்டுடட்டுமா?"

ரோசம்மாளுக்கு ஐம்பது வயது. மூன்று வாரியங்களில் வேலை பார்த்த அனுபவம். சிரிக்காமல் பதில் சொல்வதில் கெட்டிக்காரி.

"போடலாம் தம்பி. ஆனா இந்த மையம் இன்னும் பொறக்கவே இல்ல. வியாழக்கெழம தொறப்பு விழா. அன்னிக்குத்தான் மைய எண் வரும். எண் இல்லாம ஃபாரம் உள்ள போவாது."

அப்போதுதான் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் கிருஷ்ணப்பன் ஜீப்பிலிருந்து இறங்கினார். சட்டைப் பையில் நான்கு பேனா. உட்கார்ந்து பேசினாலும் மைக் முன் நின்று பேசுகிற தோரணை. கணினியைச் சுற்றி ஒரு முறை வலம் வந்தார்.

"எத்தன கட்டுப்பாடு போட்டிருக்கீங்க?"

"மூணுங்க சார். புதுசா எதையும் ஏத்த முடியாது, அடுத்தவங்க ஃபைலப் பாக்க முடியாது, வெளிய வந்தா எல்லாம் அழிஞ்சுடும்."

கிருஷ்ணப்பனின் முகம் வாடிவிட்டது.

"மூணா? பக்கத்து மாவட்டத்துல பதினெட்டு போட்டிருக்காங்க தம்பி. நம்ம மாவட்டம் என்ன எளப்பமா? ஒரு கணினிய மக்கள்கிட்ட கொடுக்கறது பெரிய விஷயம் இல்ல. கொடுத்த கணினிய மக்கள்கிட்ட இருந்து காப்பாத்தறதுதான் பெரிய விஷயம். நாளைக்குக் குழு கூடுது. வந்துடுங்க."

*

செவ்வாய்க்கிழமை கூடியது கட்டுப்பாட்டு ஆலோசனைக் குழு. ஏழு பேர். அவர்களில் இரண்டு பேர் கணினியைத் தொட்டிருக்கிறார்கள். ஒருவர் தூசி தட்டும்போது.

தமிழ்மணி ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் குழு சொல்லச் சொல்லப் போட வேண்டும். ரோசம்மாள் நோட்டில் எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் ஆரம்பித்தார். மவுஸின் வலது பக்கத்தை அமுக்கினால் ஏதோ ஒரு பெட்டி திறக்கிறது, அதில் இருப்பது என்னவென்று தனக்கே தெரியவில்லை, தனக்கே தெரியாததைப் பொதுமக்கள் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நியாயமாகப் பட்டது. வலது பக்கம் வேலை செய்யாதபடி செய்யப்பட்டது. இதைக் கேட்டதும் குழுவில் இருந்த தணிக்கையாளர், அழிக்கும் பட்டனை வைத்து எவனாவது எதையாவது அழித்துவிட்டால் பதில் சொல்வது யார் என்றார். அழிக்கும் பட்டன் முடக்கப்பட்டது. உடனே இன்னொருவருக்குக் கவலை வந்தது.

"அழிக்க முடியாதுன்னா, தப்பா அடிச்சது அப்படியே நிக்குமே? அரசாங்கக் கணினியில தப்பு நிக்கலாமா?"

குழு இதை விவாதித்தது. பிறகு, தப்பு வராமலிருக்க ஒரே வழி எழுத்துப் பட்டன்கள் அனைத்தையும் முடக்குவதே என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"சார், அப்ப விருந்தினரு என்னதான் பண்ணுவாருங்க?" என்றான் தமிழ்மணி.

"பாப்பாரு. பாக்கறதுக்குத் தட உண்டா? இல்ல. நாம என்ன சர்வாதிகாரிங்களா?" என்றார் கிருஷ்ணப்பன்.

எதைப் பார்ப்பார் என்ற கேள்வி எழுந்தது. திரையில் குழுவின் புகைப்படத்தை வைப்பது என்று முடிவாகி, ஏழு பேரும் வாசலில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் இணையத்துக்குப் போகிற சின்னம் சரியாகக் கிருஷ்ணப்பனின் கன்னத்தில் பாலுண்ணி மாதிரி உட்கார்ந்துகொண்டது. தமிழ்மணி அதை நகர்த்தினான். சர்வேயரின் நெற்றிக்குப் போயிற்று. அவர் எழுந்து நின்றுவிட்டார். தணிக்கையாளரின் மடிக்கு நகர்த்தினான். அது பார்க்க இன்னும் விகாரமாக இருந்தது. கடைசியில் யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் என்று சின்னம் நீக்கப்பட்டது.

மாலை நாலரை மணிக்குக் கட்டுப்பாடுகளின் எண்ணிக்கை முப்பத்தொன்று. பக்கத்து மாவட்டத்தைத் தோற்கடித்த மகிழ்ச்சியில் குழு போண்டா சாப்பிட்டது.

அன்று சாயங்காலம் சசிகலா போனில் கேட்டாள்.

"என்ன மாமா, வேல முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சசி. அந்தக் கணினியில இப்ப எந்த வேலையும் முடியாது."

"பொண்டாட்டி வர்ற வழிய உன் கையாலயே அடைச்சுட்டு வந்துட்டயா? நல்லா இருக்குது உன் சாமர்த்தியம்."

"இன்னும் நிர்வாகிக் கணக்கு என் கையில இருக்குது. அதுல எல்லாமே ஓடும். வியாழக்கெழம எண் வந்ததும் அது வழியா போட்டுடறேன்."

"போட்டாத்தான் நான் நம்புவேன்" என்றாள். குரலில் கேலி குறைந்திருந்தது தமிழ்மணிக்குப் பிடிக்கவில்லை. அவள் கேலி செய்யாவிட்டால் அழப்போகிறாள் என்று பத்து மாதத்தில் அவன் கற்றிருந்தான்.

*

அந்த நிர்வாகிக் கணக்கும் புதன்கிழமை அவன் கையை விட்டுப் போனது.

"பூட்டு ஒருத்தர்கிட்ட, சாவி ஒருத்தர்கிட்ட இருக்கணும். வெளியாளு கையில நிர்வாகி இருக்கலாமா?" என்ற கிருஷ்ணப்பன், கடவுச்சொல்லைத் தாமே போடப்போவதாக அறிவித்தார். தமிழ் தட்டச்சில் உயர்நிலை தேறியவர். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். ஜன்னலைச் சாத்தினார். அதுவும் போதாது என்று ஒரு துண்டை எடுத்துத் தலையோடு கீபோர்டையும் சேர்த்து மூடிக்கொண்டார். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பவர் மாதிரி உள்ளே இருந்து டக்டக் என்று சத்தம் மட்டும் வந்தது. நான்கு கணினிக்கும் நான்கு தடவை.

வாசலில் நின்றிருந்த தமிழ்மணியிடம் ரோசம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம் தம்பி அவரு. சம்சாரம் அமுதவல்லி கோவிச்சிக்கிட்டு அரூர்ல அம்மா வூட்டுக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது."

"ஏனாம்?"

"வூட்லயும் இப்படியே பேசுனா? 'சட்னி தொடர்பாக'ன்னு ஆரம்பிச்சாராம். மச்சினிச்சி மக கல்யாணத்துல வாழ்த்துரைன்னு மைக்கப் புடிச்சவரு ஒண்ணேகால் மணி நேரம் உடல. முகூர்த்தமே தப்பிப் போச்சு. அந்தம்மா அப்படியே பந்தல்ல இருந்தே பொட்டியக் கட்டிட்டாங்க."

கிருஷ்ணப்பன் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். மறந்துவிடக் கூடாதே என்று கையிலிருந்த தாளின் அடியில் கடவுச்சொல்லை எழுதி, மடித்து உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். மேலே 'அதி ரகசியம்' என்று எழுதினார். மீந்த அரக்கை வீணாக்காமல் கணினிகளின் யூ.எஸ்.பி. துளைகளில் ஊற்றி அடைத்தார். முப்பத்திரண்டாவது கட்டுப்பாடு.

அவர் கையிலிருந்த தாள், மறுநாள் திறக்கவேண்டிய கல்வெட்டின் வாசகம். அது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஜீப்பில் ஏறும்போதுதான் மாது என்ற கல்தச்சர் வந்து நின்றார்.

"சாமி, கல்லு தயார். எழுத்து குடுத்தா பொழுது சாயறதுக்குள்ள அடிச்சுடுவேன்."

"மேசை மேல கவர்ல இருக்குது பாரு" என்றார் கிருஷ்ணப்பன். இன்னொரு கூட்டத்துக்கு அவருக்கு நேரமாகிவிட்டது.

மேசை மேல் ஓர் உறைதான் இருந்தது. மாது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப்போனார். தகப்பன் காலத்திலிருந்து நல்லம்பள்ளிப் பக்கம் கல் வேலை பார்க்கும் குடும்பம். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். போன வருஷம் வேறொரு கட்டடத்துக் கல்வெட்டில் ஓர் அதிகாரியின் பெயருக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டத்தை இடம் போதாமல் விட்டுவிட்டார். சொந்தச் செலவில் புதுக் கல் வாங்கி மறுபடி செதுக்க வைத்தார்கள். அன்றிலிருந்து மாது தாளில் இருக்கும் எதையும் விடுவதில்லை. இந்தத் தாளுக்கோ அரக்கு முத்திரை வேறு. எவ்வளவு முக்கியம் இருந்தால் அரக்கு வைப்பார்கள்!

சாயங்காலம் கல்லைப் பதித்துப் பட்டுத்துணியால் மூடிவிட்டு, "ஆயித்து சாமி, ஒரு எழுத்து உடல" என்று போனில் சொன்னார். திறக்கும் முன் கல்வெட்டைப் பார்ப்பது திறப்பவருக்குச் செய்யும் அவமரியாதை என்று வாரியத்தின் சுற்றறிக்கை ஒன்று இருந்ததால், யாரும் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

*

வியாழக்கிழமை ஷாமியானா, தவில், சால்வை, ஊர் முழுக்கக் கூட்டம். தலைமையகத்திலிருந்து இணை இயக்குநர் வரத் தாமதமானதால், கல்வெட்டைக் கடைசிக்குத் தள்ளி, முதல் விருந்தினரை உட்கார வைத்தார்கள். மரவள்ளிக் கிழங்கு போடும் கோவிந்தன். சிட்டா எடுக்க வந்தவர். கழுத்தில் மாலை போட்டு, விருந்தினர் கடவுச்சொல் வைத்து முத்திரையிட்ட இன்னொரு உறையைப் பிரித்து, விருந்தினர் கணக்குக்குள் அவரை அனுப்பினார் கிருஷ்ணப்பன். திரையில் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள்.

கோவிந்தன் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க்கா, சிட்டா எங்க?"

"பாருங்கண்ணா. பாக்கறதுக்குத்தான் வெச்சிருக்குது" என்றாள் ரோசம்மாள்.

"யார?"

"சாருங்கள."

கோவிந்தன் மரியாதை தெரிந்தவர். கைகூப்பியபடி பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததும் திரை கறுத்து, 'தங்கள் வருகைக்கு நன்றி' என்றது. அவரும் "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு மாலையோடு எழுந்தார். அடுத்தடுத்து நாற்பது பேர் உட்கார்ந்து எழுந்தார்கள்.

கிருஷ்ணப்பன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இன்று மட்டும் நாற்பத்தொரு பயனாளிகள். தவறான பயன்பாடு பூஜ்யம்! சரியான பயன்பாடும் பூஜ்யம்தான் என்று சில விஷமிகள் சொல்லலாம். அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: சரியான பயன்பாடு எங்கே ஆரம்பிக்கிறதோ, அங்கேதான் தவறான பயன்பாடும் ஆரம்பிக்கிறது. நாங்கள் வேரிலேயே கிள்ளிவிட்டோம்! முப்பது ஆண்டு அனுபவத்தில் நான் கண்ட உண்மை, ஓர் அலுவலகத்தைக் கெடுப்பது அங்கே வருகிற ஜனங்கள்தான்..."

ஐம்பது நிமிடம் பேசினார். ஷாமியானா நிழல் கிழக்கே சாய்ந்துவிட்டது. இணை இயக்குநர் வந்து சேர்ந்து, கயிற்றை இழுத்து, பட்டுத்துணி விழுந்தது. தருமபுரியிலிருந்து வரவழைத்திருந்த அறிவிப்பாளர் கணீரென்ற குரலில் கல்வெட்டை மைக்கில் படிக்க ஆரம்பித்தார்.

"பொதுக் கணினிச் சேவை வாரியம். குருவரஹள்ளி மக்கள் கணினி மையம். முன்னிலை, மாவட்ட ஒருங்கிணைப்பாளர் திருமிகு மு. கிருஷ்ணப்பன், எம்.ஏ., எம்.ஃபில்., தமிழ் தட்டச்சு உயர்நிலை. நிர்வாகிக் கடவுச்சொல்: அமுதவல்லி மன்னிச்சிடு இனி பேச மாட்டேன் இருபத்தேழு. சேர்த்து அடிக்கவும். மறக்கக் கூடாது."

கூட்டம் கைதட்டியது. எல்லாவற்றுக்கும் கைதட்டிப் பழகிய கை. பிறகுதான் ஒரு மூலையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நாற்பது போன்கள் உயர்ந்து கல்லைப் படம் பிடித்தன.

தமிழ்மணி மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். மைய எண்ணும் வந்துவிட்டது, கடவுச்சொல்லும் வந்துவிட்டது. அவன் கணினி அறையை நோக்கி இரண்டு எட்டு வைப்பதற்குள் கிருஷ்ணப்பன் அவனைத் தாண்டி ஓடி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"அவசரக் குழு! நாளைக் காலை பத்து மணி!"

*

வெள்ளிக்கிழமை குழு கூடியபோது, தமிழ்மணி சசிகலாவின் சான்றிதழ்களை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றிருந்தான். கல்வெட்டின் கடைசி வரி மீது ரோசம்மாளின் பழைய சேலை ஒன்று தொங்கியது. ஊரில் அந்த வரி மனப்பாடம் ஆகாத ஆளில்லை.

"சார், அஞ்சு மணிக்குள்ள ஒரு ஃபாரம் மட்டும்..." என்று ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"தம்பி, வாரியமே தீப்பிடிச்சு எரியுது. ஃபாரமா பெருசு?" என்றார் சர்வேயர்.

பதினொரு மணிக்குக் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்று தீர்மானம் வந்தது. தணிக்கையாளர் எழுந்தார். மாற்றினால் கல்வெட்டில் இருப்பது பொய்யாகிவிடும். இணை இயக்குநர் திறந்துவைத்த கல்லில் பொய் இருக்கலாமா என்றார். பன்னிரண்டரைக்கு, பொதுமக்கள் கடைசி வரியை மறந்துவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்ப ஒரு யோசனை. அதை எப்படிச் சரிபார்ப்பது என்று தெரியாமல் கைவிட்டார்கள். சாப்பாடு. இரண்டரை மணிக்கு, வரியைச் செதுக்கி எடுத்துவிட மாதுவைக் கூட்டிவந்தார்கள்.

மாது கல்லைத் தடவிப் பார்த்தார்.

"எடுக்கலாம் சாமி. ஆனா உளி போட்டா மேல் வரியும் சேந்து பேந்துடும்."

மேல் வரி கிருஷ்ணப்பனின் பெயரும் பட்டங்களும். "வேற வழி பாருங்க" என்றார் அவர்.

சசிகலா போனில் மணிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. "பரவால்ல மாமா. மூணு வருசம்தான? ஓடிடும்" என்றாள். தமிழ்மணி சுவரில் சாய்ந்து நின்றான். மூன்று வருஷம் என்பது அவள் கணக்குப்படி ஒரே கூரையின் கீழ் எழுபது நாள்கூடத் தேறாது.

நாலேகாலுக்கு அரூர் பஸ் வந்து நின்றது. கையில் ஒரு கட்டைப்பையுடன் ஓர் அம்மா இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் நேரே கல்வெட்டுக்கு வந்து, சேலையை விலக்கி, கடைசி வரியை வாய்க்குள் படித்தாள். இரண்டு முறை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அமுதா..." என்றார் கிருஷ்ணப்பன். அவர் பேசிய வாக்கியங்களிலேயே மிகச் சிறியது அதுதான்.

"எங்க தெருவுல மட்டும் ஒம்போது பேரு இந்தக் கல்ல எனக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் அமுதவல்லி. "நான் நம்பல. கண்ணால பாக்கலாம்னு வந்தேன். கல்யாணமாகி இருவத்தேழு வருசம் ஆச்சு, ஒரு நாளாச்சும் மன்னிச்சுக்கன்னு வாயால சொல்லியிருப்பீங்களா? இப்ப ஊரு அறிய கல்லுலயே வெட்டி வெச்சிருக்கீங்களே!"

"அம்மா, அது வந்துங்க, அலுவலகத் தவறுதலா..." என்று தணிக்கையாளர் ஆரம்பித்தார். ரோசம்மாள் அவர் காலை அழுத்தமாக மிதித்தாள். "டீ ஆறிப்போவுது, குடிங்க சார்."

கிருஷ்ணப்பன் வாயைத் திறந்தார். விதி இருந்தது, விளக்கம் இருந்தது, நாற்பது நிமிடத்துக்குக் குறையாத ஒரு பேச்சு அவர் தொண்டையில் தயாராக இருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். கட்டைப்பையைப் பார்த்தார். அதில் துணிமணி இருந்தது.

"ஆமா," என்றார். "நாந்தான் வெக்கச் சொன்னேன்."

மாது உளியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதுல ஒரு எழுத்து மாறுனாலும் அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்" என்றாள் அமுதவல்லி. "கல்லு மாறாதுன்னா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறதும் மாறக் கூடாது. ஆமா, இந்தத் தம்பி ஏன் கோர்ட்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்குது?"

தமிழ்மணி சொன்னான். ஒரே மூச்சில், பத்து மாதம், இருபத்து மூன்று நாள், காய்ச்சல் நாலு நாள் எல்லாவற்றையும் சொன்னான். மணி நாலு நாற்பத்தொன்று.

"சாவி எங்க?" என்று அமுதவல்லி புருஷனிடம் கையை நீட்டினாள்.

"விதிமுறைப்படி, நிர்வாகிக் கணக்கில் வெளியாள்..."

அவள் அவரை முடிக்க விடவில்லை. கல்லைக் காட்டினாள். கிருஷ்ணப்பன் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

தமிழ்மணி உட்கார்ந்தான். அமுதவல்லி மன்னிச்சிடு என்று அடிக்கும்போது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கணினி திறந்தது. எண், பெயர், பணியிடம், சான்றிதழ் விவரம் எல்லாம் ஏறிவிட்டன. கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டான்: 'இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதன் காரணம்.' போனை எடுத்தான்.

"சசி, காரணம் கேக்குது. என்ன எழுதறது?"

"காரணமே தெரியாமத்தான் அஞ்சு நாளா அங்க காவல் கெடக்கறயா மாமா?" அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. கேலி திரும்பிவிட்டது. அவனுக்கு உயிர் வந்தது.

குழு முழுவதும் அவன் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டிருந்தது. சர்வேயர் 'நிர்வாக நலன் கருதி' என்று போடச் சொன்னார். தணிக்கையாளர் 'மேற்படி காரணங்களால்' என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். தமிழ்மணி ஒருவர் சொன்னதையும் கேட்கவில்லை. 'அவள் அங்கே இருக்கிறாள். நான் இங்கே இருக்கிறேன்' என்று அடித்து அனுப்பினான். நாலு ஐம்பத்தேழுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. அறையில் ஏழு பேரும் கைதட்டினார்கள். வாரியத்தின் கணினி ஒன்று வேலை செய்து அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

*

நாற்பது நாள் கழித்து ஆணை வந்தது. கடவுச்சொல்லை மாற்ற இயலாத குடும்பச் சூழ்நிலையைக் கிருஷ்ணப்பன் மேலிடத்துக்கு எப்படி எழுதினாரோ தெரியாது. இப்போதெல்லாம் அவர் கடிதங்கள் இரண்டு வரிதான் என்று கேள்வி. வாரியம் நன்றாக யோசித்து இப்படி முடிவு செய்திருந்தது:

'மேற்படி கல்வெட்டின் கடைசி வரியைப் பொதுமக்கள் படிக்காவண்ணம் பாதுகாக்கும் பொருட்டு நிரந்தரப் பணியிடம் ஒன்று தோற்றுவிக்கப்படுகிறது. அப்பணியிடத்திற்கு, இம்மாவட்டத்திற்கு இடமாற்றம் கோரிய ஒரே விண்ணப்பதாரரான திருமதி த. சசிகலா நியமிக்கப்படுகிறார். பணி நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.'

சசிகலா கல்லுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கடத்தூரிலிருந்து கூப்பிடு தூரம். மத்தியானம் தமிழ்மணி சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். இருவரும் அந்த நிழலிலேயே டிபன் பாக்ஸைப் பிரிப்பார்கள்.

முதல் நாள் அவள் வேலையில் அமர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோவிந்தன் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேலையை விலக்கப் போனார்.

"அண்ணா, படிக்கக் கூடாதுங்க. அரசாங்க ஆணை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"சிட்டா எடுக்கணும் கண்ணு. எல்லாம் ஞாபகம் இருக்குது, கடைசியில மட்டும் கொஞ்சம் தட்டுது."

சசிகலா ஆணையை எடுத்து இன்னொரு தடவை முழுக்கப் படித்தாள். படிப்பதைத் தடுக்கத்தான் சொல்லியிருந்தது. மடித்துப் பையில் வைத்தாள்.

"அப்ப நீங்க படிக்காதீங்க, நான் சொல்றேன் எழுதிக்கங்க" என்றாள். "பேச மாட்டேனுக்கு அப்புறம் இருவத்தேழு வரும். அத உட்டுட்டா தொறக்காதுங்க."